லீவரை இழுத்தால் விடுகிற ரீல்

"லீவரை இழுத்தா நிஜமா விடுற ரீல் ஒண்ணு வேணும் சித்தப்பா" என்றாள் என் தூண்டில் கடைக்கு வந்த கேப்டன் அண்ணனின் மகள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால், "விடாத ரீலை வித்துக்கிட்டா இங்க உக்காந்திருக்கேன்?" என்று எகிறியிருப்பேன். இவளிடம் வாய் வரவில்லை. அலமாரியைத் திறந்து மூன்று ரீல்களை எடுத்து மேசையில் வைத்தேன். அண்ணன் கடலில் இறந்துபோய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இவள் கடைப்பக்கம் வந்தது அன்றுதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலில் பெரிய சூரை மீன் பிடிக்கும் ரீலின் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். முன்னால் தள்ளினால் நூல் சுற்றிய சுருளை பிரேக் இறுக்கிப் பிடிக்கும். மீன் திணறித் திணறித்தான் நூலை இழுக்க முடியும். முழுக்கப் பின்னால் இழுத்தால் பிரேக் விட்டுவிடும். மீன் போகிற இடத்துக்கு நூலும் போய்விடும். அதே பக்கத்தில் ஒரு குமிழும் உண்டு. லீவர் எத்தனை கிலோவுக்குப் பிடிக்க வேண்டும் என்பதை அந்தக் குமிழைத் திருகி வைப்பது என் வேலை. ஒவ்வொரு ரீலையும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். அதனாலேயே எனக்குத் 'தராசு' என்று பேர். என் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

இறந்த அன்றைக்கு அண்ணன், தோளில் போட்டிருந்த வாரின் இரண்டு கொக்கிகளையும் நான் கொடுத்த ரீலில் மாட்டிக்கொண்டு நின்றபடி ஒரு சூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கை ஓய்ந்துவிடக் கூடாதென்று எல்லோரும் அப்படித்தான் மாட்டுவார்கள். அலை படகைச் சாய்க்க, தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். நூல் தளர்ந்தால்தான் அந்தக் கொக்கிகள் கழலும். நூல் தளரவில்லை. மீன் அவரைக் கீழே கொண்டுபோய்விட்டது.

மகள் அப்போது சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா லீவரைப் பின்னால இழுத்தார். என் கண்ணால பார்த்தேன். அப்பவும் நூல் போகல" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். துறைமுகத்துக்காரர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "லீவரை இழுத்திருந்தா நூல் போயிருக்கும். போகலேன்னா அவர் இழுக்கலேன்னு அர்த்தம்" என்றேன். தராசு சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. பாவம், பெண் பதற்றத்தில் எதையோ பார்த்திருக்கிறாள், மீனை விட மனசில்லாமல் அண்ணன் உயிரை விட்டுவிட்டார் என்று ஊரே பேசி முடித்துவிட்டது.

இப்போது அவள் பெரிய ரீலைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

"அது எண்பதாம் நம்பர். நாற்காலி போட்டு உக்காந்து பிடிக்கிறவங்களுக்கு. நீ நின்னு பிடிக்கிறவ, இடுப்பு போயிடும்" என்றேன். "சின்னது முப்பது. நல்ல சூரை ஒரே ஓட்டத்துல நூலைக் காலி பண்ணிட்டுப் போயிடும்."

"அப்போ ஐம்பது. அப்பா வச்சிருந்தது."

"அது வேணாம்மா."

"ஏன்? நின்னு பிடிக்க அதான் சரின்னு நீங்கதானே சொல்வீங்க?"

"புதுசா வேற கம்பெனி சரக்கு வருது. அடுத்த வாரம் வா, பார்த்துத் தரேன்" என்று மழுப்பினேன்.

அவள் ஐம்பதாம் நம்பர் ரீலைக் கையில் எடுத்து, கைப்பிடியைச் சுற்றி, வேகம் மாற்றும் பொத்தானை அழுத்தி, மறுபடி சுற்றிப் பார்த்தாள். அப்பன் கை அப்படியே அவளுக்கு. லீவரை மட்டும் தொடவில்லை.

"இதுவே போதும் சித்தப்பா. விடுற ரீல்னு சும்மா கேட்டேன். தப்பு ரீல்ல இல்லன்னு எனக்கே தெரியும். நேத்து அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அப்பா லீவரை இழுத்ததை நான் பார்க்கலேன்னு. எத்தனை நாள்தான் நான் ஒருத்தியே ஒண்ணைச் சொல்லிட்டிருக்கறது? நீங்களே இழுத்திருக்க மாட்டார்னு சொன்னப்புறம் நான் பார்த்தது மட்டும் எப்படிச் சரியா இருக்கும்?" என்றாள்.

பார்த்ததைப் பார்க்கவில்லை என்று தன் வாயாலேயே சொல்லும்படி அந்தப் பெண்ணை ஆக்கிவைத்திருந்தேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

"உக்காரு" என்றேன். ரீலை அவளிடமிருந்து வாங்கி மேசைப் பிடியில் பூட்டினேன். லீவரைப் பின்னால் வைத்துக் குமிழைத் திருகி, பின் லீவரை முன்னால் தள்ளி, நூலில் தராசை மாட்டி இழுத்தேன். முள் பன்னிரண்டு கிலோவில் நின்றது.

"இப்ப லீவரைப் பின்னால இழு. சுருளைத் தட்டிவிடு."

தட்டினாள். சுருள் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"உங்கப்பா ரீல் வாங்க வந்த அன்னிக்கு இது வரைக்கும் எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தேன். உங்கப்பா வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தார். 'தம்பி, இன்னும் ரெண்டு கிலோ ஏத்து, உன் தராசு என்ன தேஞ்சா போயிடும்'னார். நான் வேற ஒருத்தன்கிட்ட போன்ல கத்திக்கிட்டிருந்தேன். ஒரு திருகு திருகிக் கையில கொடுத்துட்டேன்."

அதே திருகைத் திருகினேன். தராசில் பதினான்கு காட்டியது.

"இப்ப இழு."

லீவரை முழுக்கப் பின்னால் இழுத்துச் சுருளைத் தட்டினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் நூலைப் பிடித்து இழுத்தாள். விரல் வெளுத்துப்போகும் வரை இழுத்த பிறகுதான் கொஞ்சம் வந்தது. குமிழை அளவுக்கு மேல் ஏற்றினால், லீவரைப் பின்னால் கொண்டுவந்தாலும் பிரேக் முழுசாக விடாது. அதனால்தான் எடை ஏற்றிய பிறகு சுருளைத் தட்டிப் பார்க்காமல் யாரும் ரீலைக் கொடுக்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் நான் பார்க்காமல் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் நான்கு தடவை லீவரை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்துத் தட்டிப் பார்த்தாள். நான்கு தடவையும் அது விடவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அவர் போன மறு மாசம். மனசு கேக்காம இன்னொரு ரீலை எடுத்து இதே மாதிரி வச்சுப் பார்த்தேன்."

"பத்து மாசம்" என்றாள்.

பயமாக இருந்தது என்று சொன்னேன். உண்மை அதுதான். கடை போய்விடும், பேர் போய்விடும் என்று பயந்தேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. நான்கு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"கடையைச் சாத்துங்க. இதையும் தராசையும் எடுத்துக்கிட்டு வாங்க. அம்மாகிட்ட நீங்க சொல்லணும்."

வீடு மூன்றாவது மாடியில். அண்ணி சமையலறை மேசையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பதினொரு மாதமாக அவர் தன் கணவர் பேரையே எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடத்துச் சுவரில் அண்ணனின் படத்தைக்கூடக் காணோம்.

ரீலை மேசை விளிம்பில் பூட்டி, கடையில் செய்ததையே மறுபடி செய்தேன். வாசலில் இருந்து அவர் திரும்பி வந்தது, நான் தட்டிப் பார்க்காதது, தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதது, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி ரீலைத் தொடவில்லை. நான் முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அவர் மீனை விட்டுட்டாரா?"

"விட்டுட்டார் அண்ணி. லீவரை இழுத்துட்டார். ரீல்தான் விடல."

அண்ணி கத்தியை மேசையில் வைத்தார். "ஒரு மீனுக்காக எங்களை விட்டுட்டுப் போயிட்டாரேன்னு தினம் அவரைத் திட்டுனேன் தம்பி. விடிஞ்சா எழுந்து முதல் வேலை அதான். இந்தச் சுவத்தைப் பார்த்துத் திட்டுவேன்" என்றார்.

மகளுக்கு மட்டும்தான் துரோகம் செய்தேன் என்று நினைத்து வந்திருந்தேன். மன்னிப்பு கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"சொல்லு. அப்பா லீவரை இழுத்ததைச் சொல்லு. எந்தக் கையால இழுத்தார்?"

"வலது கையாலம்மா. இடது கையால என்னைப் பார்த்துச் சைகை காட்டினார். படகைப் பின்னால கொண்டு வா, பின்னால கொண்டு வான்னு."

"முதல்ல இருந்து சொல்லு" என்றார் அண்ணி.

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நின்றபடியே கடைசி வரை கேட்டேன்.