கஸ்பரின் மூன்று துவக்குகள்

ஒரேயொரு துவக்கு வைத்திருக்கத்தான் கஸ்பருக்கு அனுமதி இருந்தது. அந்த அனுமதியைக் கொடுத்தது பொலிஸ் இல்லை, அவருடைய மனைவி பியற்றிஸ்.

பொலிசுக்கு அதில் பிரச்சினை இல்லை. அது 1871ஆம் ஆண்டு மாதிரியான மௌசர் துப்பாக்கி. ஜெர்மன் ராணுவம் பாவித்து முடித்துக் கழித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற இரும்புத் தாழ்ப்பாளைக் கையால் பின்னுக்கு இழுத்து, ஒரு தோட்டா ரவையை வைத்து, திரும்ப முன்னுக்குத் தள்ளவேண்டும். அந்த ரவை இப்போது எந்தக் கடையிலும் இல்லை. அழகுக்கு வைத்திருப்பவருக்கு லைசென்ஸும் வேண்டியதில்லை.

முதல் துவக்கு நோர்பரி வீட்டுக்குள் வந்த அன்று பியற்றிஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"துவக்குக்குப் பயந்து மன்னாரில இருந்து ஓடி வந்த மனுசன், இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கிறீங்களோ?"

"அது மற்றவன் என்னை நோக்கி நீட்டின துவக்கு. இது நான் மாட்டிற ஆணியில பேசாமல் தொங்கும்," என்றார் கஸ்பர்.

லிப்ட் திருத்தும் வேலையில் முப்பது வருடம் கழித்தவர் அவர். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் அந்தப் போல்ட் வெண்ணெயில் கத்தி போவதுபோல வழுக்கிப் போய் வந்ததைப் பார்த்து மயங்கிவிட்டார். "ஒண்டு. அதோட சரி," என்று பியற்றிஸ் வழிவிட்டாள். மாடிப்படிச் சுவரில் அது தொங்கியது.

இரண்டாவதை வால்தம்ஸ்டோவில் ஒரு விதவைக் கிழவி விற்றார். கணவர் சேர்த்து வைத்தது என்றார். இரண்டு வருடம் கழித்து, கராஜைத் துப்புரவாக்கும்போது இன்னொன்று கிடைத்ததாகக் கிழவியின் மகள் போன் எடுத்தாள். கஸ்பர் அன்றைக்கே போனார். இரண்டையும் கம்பளத்தில் சுற்றி, நத்தார் பண்டிகைப் பாலன்குடில் பெட்டிகளுக்குப் பின்னால், கூரைக்குக் கீழே ஒளித்து வைத்தார்.

ஒளித்து வைத்தால் பார்த்து ரசிப்பது எப்படி? அதற்கும் வழி கண்டார். மூன்றும் ஒரே அச்சு. மாதம் ஒருமுறை, பியற்றிஸ் காலை ஷிப்டுக்குப் போனதும், சுவரில் இருப்பதை மேலே ஏற்றிவிட்டு மேலே இருப்பதில் ஒன்றைச் சுவருக்கு இறக்குவார். வீட்டில் எப்போதும் ஒரு துவக்குத்தான் கண்ணில் படும். பதினான்கு மாதம் இப்படியே நிம்மதியாகப் போனது.

அவர் மறந்துபோனது மனைவியின் வேலையை. ஆஸ்பத்திரி மருந்துக் களஞ்சியத்தில் பெட்டிகளின் நம்பரைச் சரிபார்ப்பதுதான் பியற்றிஸின் வேலை. நம்பர் கண்டால் அவள் கண் தானாக வாசிக்கும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றப் படியில் உட்கார்ந்தவள் அண்ணாந்து, துவக்கில் பொறித்திருந்த நம்பரைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ. போன மாசம் இது 4417."

"என்ன?"

"இப்ப 9062. தைமாசம் 2385. உங்கட துவக்கு மாசத்துக்கு ஒருக்கா ஞானஸ்நானம் எடுக்குதோ?"

கஸ்பர் லிப்ட்டுக்குள் அகப்பட்டவர்போல நின்றார். பிறகு ஏணியை எடுத்து வந்தார்.

மூன்றும் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தப்பட்டன. திட்டு விழும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு விழவில்லை. பியற்றிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாள்.

"இந்தச் சின்ன நம்பரெல்லாம் என்னத்துக்கு?"

"துவக்கின்ர நம்பரில கடைசி ரெண்டு இலக்கத்தை ஒவ்வொரு உறுப்பிலயும் அடிச்சிருப்பாங்கள். எல்லாம் ஒண்டாயிருந்தால்தான் மதிப்பு." அவர் பெருமூச்சு விட்டார். "முதலாவது மட்டும்தான் சரி. மற்ற ரெண்டிலயும் போல்ட் மாறிக் கிடக்கு. அந்தப் போல்ட்டுகளை எங்கயெண்டு தேடுறது?"

பியற்றிஸ் ஒரு துவக்கைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"4417இல இருக்கிற போல்ட்டில 62. 9062இல இருக்கிறதில 17."

கஸ்பர் குனிந்து இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். வால்தம்ஸ்டோக் கிழவியின் செத்துப்போன கணவர் துடைக்கும்போது மாற்றிப் பூட்டியிருக்கிறார். கஸ்பரோ பயத்தில் ஒருநாளும் இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்ததில்லை.

"பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அண்டைக்கே கண்டிருப்பீங்கள்," என்றாள் பியற்றிஸ். ஆனால் போல்ட்டுகளை மாற்றிப் பூட்டும்போது டோர்ச்சைப் பிடித்தது அவள்தான். இரண்டும் 'க்ளிக்' என்று அமர்ந்த சத்தத்தில் அவளையறியாமல் கைதட்டிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வால்தம்ஸ்டோவில் ஒரு மண்டபத்தில் பழைய ஆயுதச் சந்தை நடந்தது. தானும் வருவதாகப் பியற்றிஸ் சொன்னாள். காவலுக்கு வருகிறாள் என்று கஸ்பர் நினைத்துக்கொண்டார். பெரிய மீசை வைத்த ஒரு வியாபாரி நீளமான மௌசர் ஒன்றைக் காட்டி, எல்லா நம்பரும் ஒன்று என்று சத்தியம் செய்தார். கஸ்பரின் கை பணப்பைக்குப் போய்விட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று பியற்றிஸ் கண்ணாடியை மாட்டினாள். இரண்டு நிமிடத்தில் விரல் ஓரிடத்தில் நின்றது. "இந்தத் திருகாணி வேற வீட்டுப் பிள்ளை."

அதை இங்கிலிஷில் அவள் பணிவாகச் சொன்னபோது வியாபாரி பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்தார். மீசை தொங்கிப்போனது.

கஸ்பர் முகத்தை நீட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நடந்தார். திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணவில்லை. மூலை மேசையில், குதிரைப்படைக்காகச் செய்த கட்டையான மௌசர் ஒன்றின் முன்னால் நின்றிருந்தாள். ஏற்கெனவே மூன்றுமுறை அதைச் சரிபார்த்துவிட்டாளாம்.

"முழு நம்பரும் ஒண்டுதான் கஸ்பர். திருகாணி உட்பட. வடிவாயும் இருக்கு."

கஸ்பர் வாழ்க்கையில் முதல்தடவையாக இப்படியொரு வசனத்தைச் சொன்னார்: "வீட்டில இடமில்லையப்பா."

"உங்கட கோட் அலுமாரிக்குப் பக்கத்துச் சுவர் சும்மாதானே கிடக்கு. அலுமாரியைத் தள்ளினால் போச்சு."

விக்டோரியாவில் ரயில் மாறும்போது, புதுத் துவக்கு இருந்த பூட்டுப்போட்ட நீளப் பையைத் தான் தூக்கட்டுமா என்று கஸ்பர் இருமுறை கேட்டுப் பார்த்தார். பியற்றிஸ் கொடுக்கவில்லை.

"உங்களிட்ட மூண்டு இருக்குதெல்லே," என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தாள்.