இருபத்திரண்டாம் பங்கு

வருமான வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்து இன்றோடு இருபத்தொன்பது நாள் ஆகிவிட்டது. முப்பது நாளுக்குள் படிவத்தை நிரப்பிக் கொடுக்காவிட்டால், அவர்களாகவே ஒரு தொகையை மதிப்பிட்டு வரி போட்டுவிடுவார்கள் என்று ஜெபசிங் மூன்று தடவை சொல்லிவிட்டான். அவன் நாசரேத்து ஊர்ப் பையன், வக்கீல் குமாஸ்தா. தொழிலாளர் சங்கத்தின் சாயங்கால வகுப்பில் பிச்சையாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். சுமைகூலி மேஸ்திரி பிச்சையா உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில், ஒரு மூட்டைமேல் பலகை போட்டுப் பேனாவைப் பிடித்திருந்தார். காய்த்துப்போன விரல்களுக்குள் பேனா நிற்பேனா என்றது.

தப்பு வேறு யாருடையதும் இல்லை. உலகச் சண்டைக் காலம் முழுக்க, தன்னையும் சேர்த்து தோணிக்குச் சுமை ஏற்றிய இருபத்திரண்டு பேரின் கூலியையும் பிச்சையாதான் ஒற்றைக் கைநாட்டு வைத்து வாங்கினார். வாங்கின சூட்டோடு கடற்கரையில் துண்டை விரித்துப் பங்கு வைத்தார். கம்பெனிப் புத்தகத்தில் அத்தனையும் ஓர் ஆள் பேரில். அதைப் பார்த்த ஆபீசுக்கு அவர் பெரிய பணக்காரர்.

"ஆளாளுக்குப் பேரெழுதி ரேகை வாங்கிக் குடுத்துட்டா, உங்க பங்கு மட்டும்தான் உங்க வருமானம் அண்ணாச்சி. வரியே வராது," என்றான் ஜெபசிங். "ஆனா தாளுக்குக் கீழ, 'மேல கண்டதெல்லாம் உண்மை'ன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

பிச்சையா எழுதினார். பால்துரை. தோணி ஆடும்போது தொண்டை கிழியப் பாடுவான், பயத்தில்தான் பாடுகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். அய்யாக்குட்டி. அந்தப் பேரை முடிப்பதற்குள், ஒரு கார்த்திகை மழையில் தோணிப் பாய்க்கடியில் ஒடுங்கிக்கொண்டு பதினொரு பேர் ஒரே பீடியைக் கைமாற்றி இழுத்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பீடிக்கு இருந்த ருசி பிறகு எந்தப் பீடிக்கும் வரவில்லை. ஒவ்வொரு பேரும் ஒரு காலத்தை இழுத்துக்கொண்டு வந்தது. எழுத எழுத ஒவ்வொருவனாக வந்து ரேகை வைத்துப் போனான்.

தன் பேரோடு இருபத்தொன்று முடிந்தது. பேனா நின்றது.

இருபத்திரண்டாவது ஆள் இசக்கியப்பன். மூன்று வருசத்துக்கு முன்னால் சரக்கு மாற்றும்போது, கப்பலுக்கும் தோணிக்கும் நடுவே விழுந்தவன் எழும்பவில்லை. அடுத்த சனிக்கிழமை துண்டை விரித்தபோதும் இருபத்திரண்டு பங்கே வைத்தார்கள். முதல் பங்கு அவன் பெண்சாதி செல்லத்தாய்க்குப் போனது. அவன் சுமையை மற்றவர்கள் சுமந்தார்கள். சுமை குறையாதவரை கம்பெனியும் தலையை எண்ணிப் பார்க்கவில்லை. வரிசையில் அவன் எட்டாவது ஆள். தோணிக்குப் போட்ட பலகையில் ஏறும்போது அந்த இடத்தை இன்றுவரை யாரும் நெருக்கி மூடியதில்லை.

"என் எடது பெருவிரல வைக்கேன் அண்ணாச்சி," என்றான், வரிசையில் அவனுக்கு அடுத்து ஏறும் மாசானம். "உசுரோட இருக்கையில எம் பீடியெல்லாம் அவன்தான் குடிச்சான். அவனுக்கு ஒரு ரேக குடுத்தா கொறஞ்சா போவும்?"

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அடங்கிவிட்டது.

"கைநாட்டு வச்ச காலத்துல தாளுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுல," என்றார் பிச்சையா. "இப்ப வாசிச்சுட்டேனே. வாசிச்சுட்டு எப்படிப் போட?"

"நிசத்த எழுதுனா ஆபீசர் கம்பெனிகிட்ட கேட்டாலும் கேப்பாரு," என்றான் ஜெபசிங். "கேட்டா, அந்த ஒரு கூலிய கம்பெனிக்காரன் வெட்டிருவான்."

செல்லத்தாயை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கியபடி வந்தாள். பிச்சையா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கேட்டுவிட்டு அவள் ஓலைப்பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள்.

"பங்கு போனா போவுது அண்ணாச்சி. நீங்க சுமந்தது பத்தாதா? உப்பளத்துல எனக்கு வேல கெடைக்கும்," என்றாள். "ஆனா அவுக பேர உட்ராதீய."

"வாங்குனது நீதான தாயி. ஒம் பேருதான வரணும்?"

"அது உங்க பாடு. அவுக பேரு அதுல இருக்கணும்."

பிச்சையா குனிந்தார். அத்தனை வருசம் கூடவே கிடந்தவனின் பேரை ஒரு நாளும் எழுதிப் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வைத்தார்: இசக்கியப்பன் பெண்சாதி செல்லத்தாய். அவள் மைக்குள் பெருவிரலை அழுத்தி, அவன் பேருக்குப் பக்கத்தில் வைத்தாள். பிச்சையா கீழே தன் பேரைப் போட்டார்.

"பொம்பள மூட்ட தூக்குதாளான்னு ஆபீசர் கேட்டா?" என்றான் ஜெபசிங்.

"நாங்க தூக்குதோம்னு சொல்லு தம்பி," என்றார் பிச்சையா.

ஜெபசிங் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். நாளைக் காலையில் ஆபீஸ் திறந்ததும் கொடுத்துவிடுவான்.

தோணியிலிருந்து கூப்பாடு வந்தது. ஆட்கள் எழுந்து தலைக்குச் சும்மாடு சுற்றினார்கள். செல்லத்தாய் போகவில்லை. மை காயாத விரலைச் சேலையில் படாமல் விலக்கிப் பிடித்தபடி நின்றாள். பலகையில் ஏழு பேர் மூட்டையோடு ஏறிப் போனார்கள். பிறகு பலகை ஒரு மூச்சு நேரம் வெறுமனே ஆடிக்கொண்டு கிடந்தது. அதில் சிந்திய உப்பு வெயிலில் மினுங்கியது. அப்புறம்தான் மாசானம் கால் வைத்தான்.