பின்பக்கமாக இழுத்த வண்டி

அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு குட்டி ஜீப் புதைந்து நிற்கிறது என்று சேதி வந்தபோது, காவேரி சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ எங்க வர்ற?" என்றான் அவள் புருஷன் பக்கிரி, ஊரூர் குப்பத்தில் படகு இழுக்கிற டிராக்டரில் ஏறிக்கொண்டே.

"உன் கண்ணுக்குக் காவல் வர்றேன்."

"கீறதே ஒண்ணு. அதுக்கு ஒரு வாட்ச்மேனா?"

"ஒண்ணுதான் கீதுன்னுதான்யா வர்றேன்."

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மணலில் யாருடைய காரையோ இழுத்தபோது, பம்பரோடு கொக்கி பிய்த்துக்கொண்டு வந்து பக்கிரியின் இடது கண்ணில் அடித்தது. கார்க்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார். "தப்பான எடத்துல கட்டிட்டார்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காவேரிக்கு அந்த வார்த்தை ஆறவே இல்லை. சரியான இடம் எது என்று அந்த மனுஷன் சொல்லவில்லையே! மந்தைவெளியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் இனாயத் பாய் வீட்டுக்கு மீன் கொடுக்கப் போகிறபோதெல்லாம், தூக்கி நிறுத்திய வண்டிகளுக்கு அடியில் குனிந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஜீப் குப்பத்தைப் பார்த்தபடி அச்சு வரை மணலில் அமிழ்ந்திருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் சாய்சரண் ஓடி வந்தான். அவன் மனைவி மதுவந்தி செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, இங்க கட்டிடுங்க. இதுக்குன்னே போட்டது" என்று முன்பம்பரில் இருந்த இரண்டு சிவப்புக் கொக்கிகளைக் காட்டினான்.

காவேரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈர மணலில் மல்லாந்து படுத்து, தலையை வண்டிக்கு அடியில் நுழைத்தாள்.

"தம்பி, கொக்கி பம்பர்ல கீது. பம்பர் எதுல கீது?"

"வண்டியிலதான்."

"தகரத்துல கீது. சுண்டுவெரல் மொத்தத்துல ரெண்டு போல்ட்டு. இழுத்தா பம்பரே வந்துரும்."

"அப்போ கீழ ஒரு வளையம் இருக்கே, அதுல?"

"அது லாரியில ஏத்தும்போது ஆடாம கட்டறதுக்கு. இழுக்கறதுக்கு இல்ல. இப்டி பின்னால வா. நீட்டா ரெண்டு இரும்புச் சட்டம் ஓடுது பாரு, அதான் வண்டிக்கு முதுகெலும்பு. அது முனையில பக்கத்துக்கு ஒரு கொக்கி, தடிப் பட்டையோட. ரெண்டுலயும் கயித்தப் போட்டா பாரம் பிரிஞ்சிக்கும். வந்த தடத்துலயே பின்னால போயிரும்."

"பின்னால இழுக்கமாட்டேன்" என்றான் பக்கிரி.

குப்பத்தில் படகை மூக்கைப் பிடித்துத்தான் கரையேற்றுவார்கள். கடலில் செத்தவனைக் கொண்டுவருகிற படகை மட்டும் பின்பக்கமாக இழுப்பார்கள். பக்கிரியின் அப்பா அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

"இது படகா? நாலு சக்கரம் கீதுய்யா!"

"எதா இருந்தாலும் மூஞ்சியப் பார்த்துதான் இழுப்பேன்."

"அன்னிக்கும் இதத்தான் சொன்ன."

பக்கிரி நைலான் கயிற்றைச் சிவப்புக் கொக்கியில் மாட்டினான். காவேரி டிராக்டரில் ஏறிச் சாவியைப் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"குடுடி."

"கயித்த அவுரு, குடுக்கறேன்."

வேடிக்கை பார்க்க வந்த அய்யாதுரை கையைத் தட்டிச் சிரித்தான். "ஒத்தக்கண்ணுக்கு டிரைவரே பொண்டாட்டிதான்டா!"

"அண்ணா, தண்ணி கதவு வரைக்கும் வந்துடுச்சு" என்றான் சாய்சரண். "ப்ளீஸ், அக்கா சொல்றபடி செஞ்சிடுங்க."

பக்கிரி கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். டிராக்டரை மேட்டு மணல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் ஜீப்பின் பின்னால் நிறுத்தினான். காவேரி பின்சக்கரங்களுக்குப் பின்னாலிருந்த மணலைக் கையால் வாரிப் போட்டாள். டயர்களில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னாள். சட்டத்தின் முனையிலிருந்த இரண்டு கொக்கிகளிலும் கயிற்றைப் போட்டாள். கயிறு அறுந்தால் எகிறாமல் கீழே அமுக்க, நனைந்த வலை ஒன்றை அதன் நடுவில் போர்த்தினாள்.

"ஏம்மா போன்காரி, தள்ளு! இன்னும் தள்ளு. கயிறு எட்டாத தூரத்துல நில்லு."

கயிறு விறைத்தது. மணல் 'சளக்' என்று விட்டுக்கொடுத்தது. ஜீப் வந்த தடத்திலேயே பின்னால் நகர்ந்து கெட்டி மணலில் ஏறி நின்றது. எதுவும் பிய்யவில்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மதுவந்தி காவேரியைக் கட்டிக்கொள்ள வந்து, மீன் வாடைக்குப் பாதியில் நின்று கைகூப்பினாள்.

திரும்பும் வழியில் பக்கிரி டிராக்டரை விரட்டி ஓட்டினான். குப்பத்து முனையில் என்ஜினை அணைத்தான்.

"கண்ணு போன அன்னிக்குக்கூட எனக்கு இப்டி இருட்டல, காவேரி."

"நான் இன்னாய்யா தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணியிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். நீ சரியா பண்ணிட்ட, அத்தினி பேர் முன்னால. எங்கப்பன இழுத்த மாதிரி என்னயும் இழுக்க வெச்சிட்ட."

"உனக்கு இன்னொரு கண்ணு போனா, அந்த அய்யாதுரையா கையப் புடிச்சுக் கூட்டினு போவான்?"

அவன் இறங்கிப் போய்விட்டான். அந்த வாரம் முழுக்க அவள் வைத்த குழம்பைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் அவனுக்குப் போன் வந்தது. திரும்பி நின்று மெதுவாகப் பேசினான்.

"எங்க?" என்றாள் காவேரி.

"படகு இழுக்க."

"யார் படகு?"

"எல்லாம் உங்கிட்ட சொல்லணுமா?"

டிராக்டர் வடக்கே, ஜீப் புதைந்திருந்த ஆற்று முகத்துப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் யாரும் படகு நிறுத்துவதில்லை.