உயரமான முன்குறி

மிசௌரி மலைப்பக்கத்துப் பழைய பாணிக் கருமருந்துத் துப்பாக்கிச் சங்கத்தில் வெர்லின் ஸ்ட்ரௌடும் கிளெட்டஸ் பிக்ஸ்பியும் பதினெட்டு வருடக் கூட்டாளிகள். வெர்லின் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளெட்டஸின் ரிவால்வரில் ஆறு குண்டறைகளையும் குழாயின் அளவுக்குக் கடைந்து கொடுத்தவர் அவர்தான். எவ்வளவு மருந்து, இடைவெளியை நிரப்ப எவ்வளவு சோளமாவு, அதற்கு மேல் எந்த அளவு ஈயக்குண்டு என்று சுட்டுச் சுட்டுப் பார்த்துச் சொன்னவரும் அவர்தான்.

அவருடைய சொந்த ரிவால்வர் மட்டும் எப்போதும் ஒரு சாண் மேலே சுட்டது. இலக்குக்குக் கீழே குறி வைத்தே பழகியிருந்தார்.

"குழா முனையில குறி பாக்கற அந்த முன்குறிய உசரமா மாத்திடேன்டா, குண்டு கீழ எறங்கிடும்," என்றார் கிளெட்டஸ், குளிர்காலத்தில் ஒரு நாள்.

"வெளிப்பக்கம் எதையும் மாத்தக்கூடாதுன்னு விதி இருக்கே?"

"அத போன வருஷமே எடுத்தாச்சு. கமிட்டில இருக்கறவன் நான் சொல்றேன், நம்ப மாட்டியா?"

வெர்லின் நம்பினார். உயரமான குறியைப் பொருத்தி, ஆறு குண்டு சுடுவதும் இரண்டு இழுப்பு அரம் போட்டு அதைத் தேய்ப்பதுமாக மூன்று வாரம் உழைத்தார். கடைசியில் குறி வைத்த இடத்தில் குண்டு விழுந்தது.

ஜூன் மாத ஆண்டுப் போட்டியில் முதல் சுற்றிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. புகை கலைவதற்குள் நடுவர் லவான் வந்து நின்றாள்.

"துப்பாக்கியக் கொஞ்சம் குடுங்க வெர்லின். புகார் வந்திருக்கு."

முன்குறியைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "இது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அந்த விதிய எடுத்துட்டாங்களே!"

"யாரு சொன்னா? அப்படியேதான் இருக்கு. இனி இந்தப் போட்டியில நீங்க சுட முடியாது."

புகார்த் தாளை நீட்டினாள். அடியில் கிளெட்டஸின் கையெழுத்து.

நான்கு மேசை தள்ளி, கிளெட்டஸ் குண்டுகளின் மேல் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. வெர்லின் அருகே போய் நின்றார்.

"ஏன்டா?"

"பதினெட்டு வருஷமா உனக்குப் பின்னாலயே ரெண்டாவதா நிக்கிறேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த வருஷம் வராமலே இருந்திருப்பேனே."

"தெரியும்." கிளெட்டஸ் துணியில் விரலைத் துடைத்தார். "அதத்தான்டா என்னால கேக்க முடியல."

கிளெட்டஸ் அடித்திருந்தால்கூட வெர்லின் தாங்கியிருப்பார். குளிரில் விரல் விறைக்க அரம் போட்டபோது, பக்கத்தில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொன்னவன் இவன்.

இறுதிச் சுற்று முடியும்வரை வெர்லின் பெஞ்சை விட்டு எழவில்லை. கிளெட்டஸ் தொண்ணூற்றைந்து எடுத்து ஜெயித்தார். கைதட்டல் கேட்டது; வெர்லினின் கைகள் மடியிலேயே கிடந்தன.

காலையில் இருவரும் கிளெட்டஸின் வண்டியில்தான் வந்திருந்தார்கள். கிளெட்டஸ் தன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெர்லின் அதைத் தாண்டிப் போய், லவானின் காரில் தன் பெட்டியை வைத்தார்.

"வழியில என்னை இறக்கி விட்டுர்றியா?"

அவள் முன் இருக்கையில் கிடந்த சாமான்களைப் பின்னால் தள்ளி இடம் ஒதுக்கினாள்.