அலமாரி நிறைய மருந்து

அது நாலாவது மருந்துக்கடை. இங்கிலாந்தில் எங்கள் பார்ன்ஸ்லியின் டிசம்பர் குளிரில், காய்ச்சலில் கொதிக்கும் என் ஐந்து வயது மகள் ஃப்ரேயாவைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். தொண்டையெல்லாம் புண். உடம்பு சிவந்து சொரசொரவென்று இருந்தது. "ஸ்கார்லெட் காய்ச்சல். இன்னைக்கே பென்சிலின் ஆரம்பிச்சிடுங்க. கிருமி ரத்தத்துல இறங்கிட்டா ஆபத்து" என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். கொரோனாவுக்காகப் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைத்தோம். திறந்துவிட்டதும் இந்தப் பாழாய்ப்போன தொண்டைக் கிருமி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் புகுந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு பையன் செத்தே போனான்.

மருந்தாளர் ராம்ஸ்டன் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சிரப் ஊர்லயே இல்லம்மா."

"பின்னாடி அடுக்கி வச்சிருக்கீங்களே, அது என்ன?"

"கேப்ஸ்யூல்."

"அதே மருந்துதானே?"

"அதேதான். ஆனா சீட்டுல சிரப்னு போட்டிருக்கு. மாத்திக் கொடுத்தா சட்டப்படி தப்பு. டாக்டருக்கு ஃபோன் பண்ணி வேற சீட்டு வாங்கிட்டு வாங்க."

"பண்ணாம இருப்பேனா? காலையில இருந்து ஆள் பேசாம, காத்திருங்கன்னு பாட்டுதான் போடுறாங்க!"

பின்னால் ஒரு பெரியவர் செருமினார். எங்கள் ஊரில் அதற்கு 'நகரு சனியனே' என்று அர்த்தம். வரிசையை மறிப்பது கொலையைவிடப் பெரிய பாவம்.

"என்ன செருமல்? வாயைத் திறந்து சொல்லுங்க!" என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

அப்போது ஃப்ரேயாவின் தலை துவண்டு என் கைக்குள் விழுந்தது. ராம்ஸ்டன் ஓடி வந்து நெற்றியைத் தொட்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போய் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து, அளவு பார்த்து, ஜாமில் குழைத்துக் கொண்டுவந்தார். குழந்தை மெல்ல விழுங்கினாள்.

"என் லைசென்ஸே போகும்" என்றார். மீதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

"நல்ல மனுஷன்" என்று யாரோ உருகினார்கள். நான் அழுது கும்பிடுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிள்ளை தலை தொங்கினாத்தான் உங்க கை நீளுமாய்யா? நான் வந்து நின்னப்பவே கொடுத்திருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

செருமிய பெரியவருக்குப் பின்னாலிருந்து ஒரு இளம்பெண் தள்ளுவண்டியோடு முன்னால் வந்தாள். "எங்களுக்கும் அதே சீட்டுதாங்க" என்று நீட்டினாள்.

ராம்ஸ்டன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். குழந்தை சிவந்த கன்னத்தோடு தன் கையுறையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"இவன் தெம்பாத்தானே இருக்கான்?" என்றார். "நீங்க டாக்டருக்கு ஃபோன் பண்ணிப் பாருங்கம்மா."