இரண்டாவது ரத்தம்

வார்டுகளின் அழுக்குத் துணி தகரச் சரிவு ஒன்றின் வழியாகக் கீழே வந்து விழும். விழுந்ததைப் பிரிப்பது பெரியக்காவின் வேலை. போர்வை ஒரு தள்ளுவண்டியில், விரிப்பு இன்னொன்றில், அறுவை அறைத் துணி தனியாக. ஒவ்வொரு விரிப்பையும் இரண்டு முனையிலும் பிடித்து உதறுவாள். பஞ்சு விழும், கட்டுத்துணி விழும், ஒருமுறை யாருடைய பல்செட்டோ விழுந்தது. ஊசி மட்டும் விழாது. துணியோடு ஒட்டிக்கொண்டு கைக்காகக் காத்திருக்கும். குத்தினால் விரலைக் குழாயடியில் பிடித்து அழுத்திப் பிழிந்துவிட்டு மறுபடி கையுறைக்குள் விட்டுக்கொள்வாள். தடித்த கையுறை கேட்டுப் பார்த்தார்கள். அதைப் போட்டால் கை மந்தமாகிவிடும், துணி தேங்கும் என்று கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அவளுடைய கணவர் அதே சலவைக்கூடத்தின் மூலையில் தையல் மெஷினில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவார். எல்லோருக்கும் அவர் டெய்லரண்ணன். இருவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கியது. அதற்கப்பால் அவள் கலங்கிய தண்ணீருக்குள் நடமாடுபவள் போலத் தெரிவாள். அவள் இருந்தவரை அவர் அந்தத் திரையைப் பார்த்தபடிதான் தைத்தார்.

பரிசோதனைத் திட்டத்தின் நர்ஸ் வந்தபோது கையில் பெரிய அட்டை ஒன்று இருந்தது. அதில் ஒரு மாடி வீடு வரைந்திருந்தார்கள். சலவைக்கூடத்தில் எத்தனை பேரோ அத்தனை ஜன்னல்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர், எல்லா ஜன்னலும் கறுப்பு. ஹெபடைடிஸ் சி என்ற கிருமி ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தின்றுவிடும், பார்த்துவிட்டால் மாத்திரையிலேயே போய்விடும், பரிசோதனையும் மாத்திரையும் இலவசம் என்று அவள் விளக்கினாள். முடித்தவர்கள் தங்கள் ஜன்னலில் மஞ்சள் காகிதம் ஒட்டிக்கொள்ளலாம். வீடு முழுக்க வெளிச்சம் வரும் பிரிவுக்கு ஒரு பெரிய மின்காற்றாடி பரிசு. இஸ்திரி போடுகிற பக்கத்தில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே மதியத்துக்கு மேல் ஆளை ஆள் மாற்றிவிட்டு வாசலில் போய் மூச்சு வாங்குவது வழக்கம்.

நல்ல பெண் அந்த நர்ஸ். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், வலிக்காமல் குத்தினாள். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றால் அங்கேயே கையில் மஞ்சள் காகிதத்தைக் கொடுத்தாள். ஏதாவது தெரிந்தால் மட்டும் இரண்டாவது ரத்தம் கொடுக்க வேண்டும். முதல் ரத்தத்தில் காட்டுவது பழைய தழும்பாகக்கூட இருக்கலாம், கிருமி இன்னும் இருக்கிறதா என்று இரண்டாவதில்தான் தெரியும். அதை ஆஸ்பத்திரியின் மறுகோடியில் இருந்த லேபில், வேலை நேரத்தில்தான் எடுப்பார்கள். அது முடிந்தால்தான் காகிதம்.

பெரியக்காவிடம் நர்ஸ் ரகசியமாகத்தான் பேசினாள். ஆனால் பெரியக்கா காகிதமில்லாமல் வெறுங்கையோடு திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் அவளைத் தள்ளுவண்டிகளுக்கு நடுவில் நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"நர்ஸம்மா நல்லாத்தான் பேசுவாங்க. சம்பளம் போடறது அவங்க இல்ல. சி இருக்குன்னு எழுதி வந்துச்சுன்னா நான் துணியைத் தொட விடமாட்டேன். குணமாயிட்டு வாங்க, இடம் இருந்தா பாக்கலாம்."

இருவர் சம்பளமும் சேர்ந்துதான் அந்த வீட்டில் மாதக் கடைசியை எட்டிப் பிடித்தது. பெரியக்கா இரண்டாவது ரத்தம் கொடுக்கப் போகவில்லை. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இத்தனை நாள் என்னோடு சோறு தின்றதுதானே என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவளுடைய போனுக்குச் செய்திகள் வர ஆரம்பித்தன. அவர்தான் படித்துக் காட்டுவார். முதலில், உங்களுக்காக ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று வந்தது. பிறகு, உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் வேண்டும் என்று. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக்கொண்டே வந்து ஒன்று மட்டும் மிஞ்சியபோது, உங்கள் பிரிவில் எல்லோரும் முடித்துவிட்டார்கள், காத்திருப்பது உங்களுக்காக மட்டுமே என்று வந்தது. யாரோ யோசித்து, அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள். அவள் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கழுவப் போனாள்.

சலவைக்கூடத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. வெக்கையைத் திட்டினார்கள். நெற்றி வியர்வையை வழித்துச் சுண்டிவிட்டு அட்டையைப் பார்த்தார்கள். டீக் குடிக்கும்போது அவளுடைய தம்ளர் மற்றவற்றிலிருந்து நகர்ந்து ஜன்னல் திட்டுக்குப் போயிருந்தது. யார் நகர்த்தியது என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் அவளே அங்கே வைத்தாள்.

அந்தத் தம்ளரை எடுத்துக் கொண்டுவந்து நடு மேசையில் டக்கென்று வைத்தவள் ரேடியோ. இஸ்திரி போடுகிறவள். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவையும் படிக்கிற பெண்ணையும் ஒற்றையாளாகக் காப்பாற்றினாள். அவளுக்கு முதல் ரத்தத்திலேயே ஒன்றுமில்லை.

"அக்கா, உன் கார்டைக் குடு" என்றாள்.

"எதுக்குடி?"

"அந்த லேபில மூஞ்சிய யாரு பாக்கறா? மாஸ்க்கு, கார்டு, கை. அவ்வளவுதான். என் ரத்தம் சும்மா சுத்திக்கிட்டுத்தானே கிடக்கு, உனக்கு ஒரு நடை போயிட்டு வரட்டும்."

டெய்லரண்ணனின் மெஷின் நின்றது. பெரியக்கா திரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். இஸ்திரிப் பக்கத்தில் இருந்தவர்கள் அவரவர் துணியைப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. நர்ஸ் பெரியக்காவைக் கட்டிக்கொண்டாள். அவள் கையாலேயே கடைசி ஜன்னலுக்கு மஞ்சள் காகிதத்தை ஒட்ட வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரம் காற்றாடி வந்தது, நிஜமாகவே நல்ல காற்றாடி.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது அவளுடைய செருப்பு வார் இறுக ஆரம்பித்தது. கால் வீங்கியிருந்தது. அரை வண்டித் துணி பிரிப்பதற்குள் உட்கார இடம் தேடினாள். கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தது அவர்தான். வெளியே ஒரு லேபுக்கு அழைத்துப் போனார். கிருமி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் மாத்திரையின் விலையைக் கேட்டவர், இரண்டாவது கடையில் கேட்கவில்லை.

அவர் நர்ஸைத் தேடிப் போனார். தன் மனைவிக்கு இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். அவள் கம்ப்யூட்டரைத் தட்டி, சந்தோஷமாகத் திருப்பிக் காட்டினாள்.

"அவங்க முடிச்சிட்டாங்கண்ணே, பாருங்க. முடிச்சவங்க பேரை நானா திறக்க முடியாது. ஆள் மாறி ரத்தம் குடுத்திருந்தாத்தான் திறப்பாங்க. சமையல்கூடத்தில அப்படி ஒண்ணு நடந்துச்சு. ரெண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பிட்டாங்க, பாவம்."

சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்த வெளி லேபின் காகிதத்தை அவர் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார். அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலின் மேல் விரலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

"எனக்காகக் கைய நீட்டினவ அவ. அவ வாயில நான் மண்ணப் போடவா?"

"நீ போயிட்டா?"

"போனா நீங்க ஒரு ஆளு. அங்க மூணு வயிறு."

அவர் அதற்கப்புறமும் கேட்டார். கோபமாகக் கேட்டார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் கிளம்பி நர்ஸின் அறை வாசல் வரை போனார். உள்ளே யாரோ ஒருவருக்கு நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோவின் பெண் ஸ்கூல் பையோடு, அம்மாவின் வேலை முடியக் காத்து அந்த வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தாள். என்ன மாமா, அத்தைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா என்று கேட்டாள். விட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வயிறு உப்பி, ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்த பிறகுதான் அவளை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் எத்தனையோ தடவை உதறிப்போட்ட விரிப்புகளில் ஒன்று கட்டிலில் போட்டிருந்தது. டாக்டர் நிற்க நேரமில்லாதவர். ஈரல் சுருங்கிவிட்டது என்றார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

"சி இல்லைன்னு போன வருஷமே வந்திருக்கு. பி-யும் இல்ல. அப்ப வேற என்னம்மா? குடிப்பீங்களா?"

டெய்லரண்ணன் வாயைத் திறந்தார். கட்டிலின் கால்மாட்டில் ரேடியோ துவைத்த துணியோடு நின்றுகொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது, டாக்டர், என்று ஆரம்பித்தாள்.

"ஆமாங்க" என்றாள் பெரியக்கா, அவளை முந்திக்கொண்டு. "கொஞ்ச நாளா இருக்குங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். கணவரை ஏற இறங்கப் பார்த்தார். பொம்பளைய இந்த அளவுக்கு விட்டுவச்சிருக்கீங்களே என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அதற்கு மறுநாளிலிருந்து குடியை விடுவதற்கு ஆலோசனை சொல்கிற இளைஞர் ஒருவர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, குடிக்கத் தோன்றும்போது என்ன செய்யலாம் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் குடிக்கலாம், பிடித்தவர்களோடு பேசலாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பெரியக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசி நாள், மனசுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது, வீட்டு மனுஷர் முன்னால் வாய்விட்டுச் சொன்னால்தான் நிற்கும், அதை ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொல்லி, வலது கையைத் தூக்கச் சொன்னார். அவளால் தூக்க முடியவில்லை. டெய்லரண்ணன் குனிந்து அவள் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா. இன்னையிலிருந்து நான் குடிக்க மாட்டேன்."

அவள் சொன்னாள்.

"பின்னால படுத்திருக்கவங்களுக்குக் கேக்கல. இன்னும் சத்தமா."