தரையில் படுத்திருந்த நாய்

எர்சிலியாவின் திராட்சைத் தோட்டத்தில் ஒரு முழ ஆழத்தில் கிடந்த கல் நாய், அவளைக் கண்டால் வாலாட்டியது. ரோமானியர் காலத்து வீடொன்றின் வாசல் தரை அது. சுண்டுவிரல் நகமளவு கறுப்பு வெள்ளைக் கற்களைப் பதித்து எவரோ சித்திரமாகச் செய்துவைத்த காவல் நாய். பந்தல் கால் நடக் குழி தோண்டியபோது முதலில் அதன் காதுதான் தெரிந்தது. ரொவெலீனாவில் இப்படி ஏதாவது அகப்பட்டால் ஊர் வழக்கம் ஒன்றுதான்: மண்ணைப் போட்டு மூடிவிட்டு, கொடியைச் சற்றுத் தள்ளி நடுவது. தொல்பொருள் துறைக்குத் தெரிந்தால் சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டிவிட்டுப் போவார்கள். அது அவிழ்வதற்குள் கொடி நட்டவனின் பேரனுக்கே தலை நரைத்துவிடும். எர்சிலியாவும் மூடத்தான் மண்வெட்டியை எடுத்தாள். நாய் கண்ணைத் திறந்து பார்த்தது. அவள் விதவை, பிள்ளைகள் இல்லை, அவள் வீடு திரும்பினால் தலைநிமிர்ந்து பார்க்க ஒரு பூனைகூட இல்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தாள். சில வருஷம் தார்ப்பாய்க்கடியில் அதை ஒளித்து வளர்த்தாள். சூப்பில் போட வேண்டிய பாலாடைக்கட்டித் தோலையெல்லாம் அதற்கே போட்டாள். நாய் கொஞ்சம் சதை போட்டது.

பிறகு ஓர் அறுவடை விருந்தில், ஒயின் உள்ளே போனதும், தம்பி ஓரெஸ்தேயிடம் சொல்லிவிட்டாள்.

“மூச்சு விடமாட்டேன்க்கா. அம்மா மேல சத்தியம்,” என்றான் அவன். அம்மா ஏற்கெனவே இறந்திருந்ததால் சத்தியத்தால் யாருக்கும் சேதமில்லை.

அடுத்த வாரமே மார்பின் குறுக்கே மூவர்ணப் பட்டையும் பேண்டு வாத்தியமுமாக மேயர் வந்தார். நாகரிகம், நாகரிகம் என்று வாய் ஓயாமல் பேசினார். அவர் கட்டிய வாகன நிறுத்தத்துக்கடியில் இரண்டு கோயில்கள் கிடப்பது எல்லாருக்கும் தெரியுமாதலால் எல்லாரும் நன்றாகக் கைதட்டினார்கள். தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகையில் கண்டுபிடித்தவர் ஓரெஸ்தே என்று எழுதினார்கள். வாயிற்காவலர் தொப்பியும் சாவியும் அவனுக்கே கிடைத்தன.

“ஏண்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீ ஒத்துக்க மாட்டியேக்கா. அதான் சொல்லல.”

நிலம் போனால் போகட்டும், நாய்க்கு நான் யாரென்று தெரியும் என்று எர்சிலியா மனதைத் தேற்றிக்கொண்டாள். திறப்பு விழாவன்று பாலாடைக்கட்டித் தோலைப் பையில் போட்டுக்கொண்டு போய், கூட்டத்தை விலக்கிக் குனிந்தாள். நாய் ஓரெஸ்தேயின் சாவியைப் பார்த்தது. வாலை ஆட்டியது. அவளைப் பார்த்தது. எழுந்து நின்று குரைத்தது.

“பயப்படாதக்கா. வெளியாளப் பாத்தா அப்படித்தான்,” என்றான் தம்பி.

நாயைக் குறை சொல்ல முடியாது. அந்த வாசலில் ரோமானியர் போய், படையெடுத்துக் கோத்தியர் வந்தார்கள், கோத்தியர் போய் பிஷப்புகள் வந்தார்கள். சாவி யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்து வாலாட்டத் தெரிந்ததால்தான் இத்தனை காலத்தில் ஒரு கல்லும் உதிராமல் அது பிழைத்திருக்கிறது.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் எர்சிலியா அந்த வழியாகத்தான் போகிறாள். வேலிக்கு மேலாகத் தோலை எறிகிறாள். நாய் அதைத் தின்றுவிட்டுத் தெருமுனை வரை அவளைக் குரைத்து அனுப்புகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் ரொவெலீனாவின் சமையலறைகளில் கொதிக்கும் நீரில் பாஸ்தாவைப் போடுகிறார்கள். சாப்பாட்டு நேரம் தவறுவதே இல்லை.